ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம்

2016 தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ஆர்டர் என் கையை விட்டுப் போனது. புதுச்சேரி சேதராப்பட்டில் எனக்குச் சின்னதாக ஒரு அட்டைப்பெட்டி யூனிட் இருக்கிறது. ரீலாக வரும் கிராஃப்ட் பேப்பரை நெளித்து, ஒட்டி, வெட்டி, ஐந்து பிளை, ஏழு பிளை (அடுக்கு) பெட்டிகளாகக் கொடுப்போம். அந்த ஆர்டரைக் கொடுத்துவந்த கம்பெனிக்கு மூன்று வருடமாக நாங்கள்தான் சப்ளை. தரத்தில் குறை சொன்னதில்லை, ஒரு லோடுகூடத் தாமதமாகப் போனதில்லை, விலையும் மற்றவர்களை விட அதிகமில்லை. ஆனாலும் வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

விசாரித்துப் பார்த்தேன். ஏதாவது கைமாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எதுவுமே இல்லை. புதிதாக வந்த சப்ளையரும் அங்கே பர்சேஸ் பார்க்கிற மேலாளரும் சென்னையில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு சேர்ந்து கோல்ஃப் விளையாடுகிறவர்கள். அவ்வளவுதான் விஷயம்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். மூன்று வருடத்தில் நான் அந்த மேலாளரைப் பார்த்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், அதிலும் பாதி நேரம் அவர் போனில் பேசிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு சந்திப்பு, மொத்தம் மூன்று மணி நேரம். அந்த இன்னொருவருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைவிட அதிகம் கிடைத்துவிடும். பதினெட்டுக் குழி ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் பந்தை அடிக்கும் நேரம் எல்லாம் சேர்த்தாலும் சில நிமிடங்கள்தான், மீதி முழுக்க நடை, பேச்சு, காத்திருப்பு, மறுபடியும் நடை. அந்த மேலாளர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மெஷின் நின்றுபோனால் யார் போனை எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஆளை அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு இடமே இருந்ததில்லை.

யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் வேலை செய்கிற, தொழில் செய்கிற ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது? புதுச்சேரி பீச் ரோட்டில் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். வண்டி விடாத நேரம், காந்தி சிலையைச் சுற்றி ஆண்கள் நாலு பேர் ஐந்து பேராக நடந்துகொண்டு, அப்புறம் சுவரில் உட்கார்ந்து, அப்புறம் டீ குடித்துக்கொண்டு, லோன் யார் தருகிறார்கள், எந்த ஆபீசில் யார் மாறி வந்திருக்கிறார்கள் என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்களும் நடக்கிறார்கள். ஆனால் வேகமாக நடப்பார்கள், மணி பார்த்துக்கொண்டே நடப்பார்கள், ஆறரைக்கு வீடு திரும்பினால்தான் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் ரெடியாகும். சாயங்காலம் இரும்புக் குண்டு வீசி பெத்தாங்க் ஆடுகிற வழக்கம் பிரெஞ்சுக்காரர்களால் இங்கே வந்தது, அந்தக் கூட்டத்திலும் நான் அதிகம் பார்த்தது பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆன சொல்தாக்களையும் அவர்களுடைய சேக்காளிகளையும்தான். ராத்திரி நடக்கிற பார்ட்டி, டின்னர் பற்றிச் சொல்லவே வேண்டாம், போனாலும் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவோம், உண்மையான பேச்சு ஒன்பதுக்கு மேல்தான் ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கோல்ஃப் மாதிரி பெண்களுக்குத் தோதான இடம் வேறு இல்லை என்று நான் நம்புகிறேன். காலை ஆறு மணிக்குப் பட்டப்பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், குடி இல்லாமல், பை சுமந்து கூட வருகிற ஆட்கள் சுற்றி இருக்க, நாலு பேர் நாலு மணி நேரம் நடக்கிறார்கள். போனை எடுத்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு பெரிய கம்பெனியின் இயக்குநர் இவ்வளவு நேரம் போனைத் தொடாமல் நம் பக்கத்தில் நடந்து வரும் இடம் வேறு எது?

நான் 2018-ல் ஆரம்பித்தேன், வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் விளையாடியதோடு சரி. சென்னையில் ஒரு பயிற்சி மைதானத்தில் வாரம் ஒரு நாள், ஒரு வாளிப் பந்துகள், கையில் ஒரே ஒரு மட்டை, ஏழாம் நம்பர் அயர்ன். பதினாலு மட்டை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி, வைத்துக்கொண்டே தீர வேண்டும் என்பது இல்லை, புதிதாக வருகிறவர்களுக்கு நாலைந்து போதும். நான் வாங்கியது யாரோ பயன்படுத்திய அரை செட், 11,000 ரூபாய். எனக்கு உண்மையில் சொல்லிக்கொடுத்தது கோச்சை விட, மைதானத்தில் முப்பது வருடமாகப் பை சுமக்கிற ஒரு பெரியவர்தான். "தலையத் தூக்காதம்மா, பந்து எங்கயும் போவாது" என்பார். மூன்று மாதத்துக்கு அந்த ஒரே வாக்கியம். இப்படிப் பை சுமந்த பையன்களிலிருந்துதான் 1991-ல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியை ஜெயித்த அலி ஷேரும், 2009-ல் ஜெயித்த முனியப்பாவும் வந்தார்கள் என்று தெரிந்தபிறகு அவர் சொல்வதை இன்னும் கவனமாகக் கேட்க ஆரம்பித்தேன்.

மற்ற நாட்களில் வீட்டு மொட்டைமாடிதான். வீராம்பட்டினத்தில் ஒருவரிடம் கண்ணி சின்னதாக இருக்கிற பழைய வலை வாங்கி, இரண்டாக மடித்து, துணி காயப்போடுகிற கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஐம்பது தடவை பந்தை அடிப்பேன். கீழே ஹாலில் ஜமுக்காளத்தை விரித்து, எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து அதற்குள் பந்தை உருட்டிப் பழகினேன். கோல்ஃப் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், டம்ளர் வாய் அதைவிடச் சின்னது, அதனால் டம்ளரில் பழகியவளுக்கு மைதானத்துக் குழி கிணறு மாதிரித் தெரியும்.

ஹேண்டிகேப் பற்றி, அதாவது ஆட்டத் திறமைக்குத் தக்கபடி ஒருவருக்குக் கொடுக்கிற சலுகை பற்றி, விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எனக்குச் சரியா ஆடத் தெரியாது, எப்படி அவங்களோட ஆடறது" என்றுதான் எல்லாப் பெண்களும் முதலில் கேட்கிறார்கள். டென்னிஸிலோ ஷட்டிலிலோ நன்றாக ஆடுகிறவரோடு புதிய ஆள் ஆடினால் இருவருக்குமே அலுத்துப்போகும். கோல்ஃபில் அப்படி இல்லை. பந்தைக் குறைந்த தடவை அடித்துக் குழியில் போடுகிறவர்தான் இதில் ஜெயிப்பார், ஒவ்வொரு தடவை அடிப்பதும் ஒரு அடி என்று கணக்கு. என் ஹேண்டிகேப் 34, கூட ஆடுகிறவருடையது 12 என்று வையுங்கள். வித்தியாசம் 22. அதாவது அவரை விட எனக்கு 22 அடி சலுகை. ஒவ்வொரு குழிக்கும் ஒன்று வீதம் பதினெட்டு, மிச்சம் நாலு அந்த மைதானத்திலேயே கஷ்டமான நாலு குழிகளில். ஒரு குழியில் அவர் ஐந்து அடியில் முடித்து நான் ஆறில் முடித்தால் நாங்கள் சமம். முதல் அடியை அடிக்கிற இடத்துக்கு டீ என்று பேர், பெண்கள் முன்னால் இருக்கிற டீயிலிருந்து அடிக்கலாம், அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. 2020-ல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்ததிலிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் மேல் எல்லை 54, அதாவது குழிக்கு மூன்று அடி சலுகையோடுகூட ஆரம்பிக்கலாம். இதுபோக குழிக்குக் குழி பாயிண்ட் போடுகிற ஸ்டேபிள்ஃபோர்ட் என்று ஒரு முறை, ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற இங்கிலாந்து டாக்டர் 1932-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு குழியில் ரொம்பத் திணறினால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம், அந்தக் குழிக்கு மட்டும் பாயிண்ட் கிடையாது, யாரையும் காக்கவைக்க வேண்டாம்.

இது ஆம்பளைங்க விளையாட்டு என்று என்னிடம் நேரிலேயே சொன்னவர்கள் உண்டு. கிளப்புகளின் வரலாற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் 2012 வரைக்கும் ஒரு பெண்ணையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை, அப்புறம்தான் காண்டலீசா ரைஸும் டார்லா மூரும் உள்ளே வந்தார்கள். வெளியுறவு அமைச்சராக இருந்த ரைஸுக்கே 2012! ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களைச் சேர்க்கலாம் என்று ஓட்டுப் போட்டது 2014 செப்டம்பரில். ஆனால் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-லேயே பெண்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் வைத்திருந்தார்கள். பந்தைக் குழிக்குள் உருட்டுவது மட்டும்தான் அங்கே ஆட்டம். மேடும் பள்ளமுமான அந்தப் புல்தரைக்குப் பெயர் 'இமயமலை', இன்றைக்கும் இருக்கிறது. 1893-ல் இங்கிலாந்தில் பெண்கள் சேர்ந்து லேடீஸ் கோல்ஃப் யூனியன் தொடங்கினார்கள், முதல் செயலாளர் இஸெட் பியர்சன். எல்லா கிளப்புக்கும் பொதுவான ஒரு ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்து நிலைநாட்டியதில் அந்த யூனியனுக்கும் அவருக்கும் பெரிய பங்கு இருந்தது. நான் மேலே அவ்வளவு நீட்டி முழக்கிச் சொன்ன அந்தக் கணக்கை ஊருக்கு ஊர் மாறாமல் ஒழுங்குபடுத்தப் பாடுபட்டவர்கள் பெண்கள் என்று படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சரி, நேரம். பெண்களை கோல்ஃபுக்கு வரச் சொல்லும்போது எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பணம் ஒரு தடைதான், மறுக்கவில்லை, பெரிய கிளப்பில் உறுப்பினராக லட்சங்கள் வேண்டும், உறுப்பினரோடு விருந்தாளியாகப் போய் ஆடுவது ஒன்றுதான் என்னைப் போன்றவர்களுக்கு வழி. ஆனால் என்னோடு ஆரம்பித்து பாதியில் நின்ற மூன்று பெண்களும் பணத்தால் நிற்கவில்லை. ஒருத்தி பேங்கில் மேலாளர், ஒருத்தி டாக்டர், ஒருத்திக்கு இரண்டு பெட்ரோல் பங்க். மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுடையதாக இல்லை. புதுச்சேரியிலிருந்து சென்னை போக ஈசிஆரில் மூன்று மணி நேரம், ஆட நாலரை, திரும்ப மூன்று. ஒரு ஆண் ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குக் காரை எடுத்தால் வீட்டில் அது செய்தியே இல்லை. நாம் எடுத்தால் மீன் யார் வாங்குவது, மாவு யார் ஆட்டுவது, பாட்டு கிளாஸுக்குப் பெண்ணை யார் கூட்டிப்போவது என்று பத்துக் கேள்வி. நேரடியாகக் கேட்காவிட்டாலும் மதியம் வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பங்கரையின் அமைதி கேட்கும்.

என் வீட்டில் திருப்பம் வந்தது 2021 ஆகஸ்டில். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், கடைசி நாள் ஆட்டம், அதிதி அசோக் பதக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்று விடியற்காலையிலேயே டிவி போட்டுவிட்டேன். அத்தை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோல்ஃபில் அவருக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு கூடவே பைய தூக்கிக்கிட்டு நடக்கறாங்களே, அது யாரு?" என்றார். "அவங்க அம்மா, அத்தை" என்றேன். அவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வெண்கலத்துக்கு ஒரே ஒரு அடி குறைந்து நாலாவது இடம். பெங்களூருப் பெண், இருபத்து மூன்று வயது, உலக வரிசையில் இருநூறாவது இடத்தில் இருந்து போய் முதல் மூன்று பேரோடு கடைசிக் குழி வரைக்கும் மல்லுக்கட்டினாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் நீ போயிட்டு வா, இட்லி நான் ஊத்திக்கிறேன்" என்றார்.

அன்றைக்கு நெகிழ்ந்துபோனேன். ஆனால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு உறுத்தல் வந்தது. என் நாலு மணி நேரம் எங்கிருந்து வந்தது? எழுபத்தொரு வயது அத்தையின் நாலு மணி நேரத்திலிருந்து. வீட்டு ஆண்களின் ஞாயிறு அப்படியே இருந்தது, ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறோம். என் கணவரிடம் அதை அப்படியே சொன்னேன். சண்டை வந்தது, பெரிய சண்டை, நாலு நாள் பேச்சில்லை. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு காலைச் சமையல், மீன் வாங்குவது, கிளாஸுக்குக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. மீனைக் கழுவுவது எப்படி என்று அத்தையைத்தான் கேட்கிறார், ஆனால் கழுவுவது அவர். கோல்ஃப் ஆட வாருங்கள் என்று பெண்களை அழைக்கிற கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்: ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை காலை வேலை நேரத்தில் வையுங்கள், முழு ஆட்டம் வேண்டாம், ஒன்பது குழி போதும், பத்தரைக்கு எல்லோரும் ஆபீஸில் இருக்கலாம்.

கம்பெனி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. முதன்முதலில் நான் போன ஒரு நிறுவனத்தின் கோல்ஃப் தினத்தில் ஆடியவர்கள் நாற்பது பேருக்கு மேல், அதில் பெண் நான் ஒருத்தி. ஆனால் பெண்கள் நிறைய இருந்தார்கள். வாசலில் பேர் பதிய, தொப்பி கொடுக்க, கடைசியில் பரிசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க. அதில் ஒரு பெண் அந்த நிறுவனத்திலேயே எட்டு வருடமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறவள், வந்திருந்த வாடிக்கையாளர் பாதிப் பேரைப் போனில் பேசிப் பழக்கப்பட்டவள். அவளுடைய மேலதிகாரிகள் அதே வாடிக்கையாளரோடு மைதானத்துக்குள் போய்விட்டார்கள், அவள் ஐந்து மணி நேரம் நிழற்குடைக்குக் கீழே தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை. இத்தனைக்கும் அன்று நடந்தது ஸ்கிராம்பிள், நாலு பேரும் அடித்துவிட்டு நாலில் எது நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து எல்லோரும் அடுத்த அடியை அடிக்கிற ஆட்டம், மட்டையைப் பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும். இரண்டு மாதம் முன்பே அவளை நாலு வகுப்புக்கு அனுப்பியிருந்தால் அவளும் உள்ளே நடந்திருப்பாள்.

கோல்ஃப் ஆடினால் ஆர்டர் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2022 டிசம்பரில் ஒரு உணவுப் பொருள் கம்பெனியின் பர்சேஸ் தலைவரோடு ஒரே குழுவில் ஆட நேர்ந்தது. ஏழாவது குழியில் மணலில் மாட்டிக்கொண்டேன். வெளியே எடுக்க நாலு அடி, மொத்தம் ஒன்பது. "எத்தனை?" என்றார், "ஒன்பது" என்றேன், எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சு சகஜமானது. பதினாலாவது குழிக்கு நடக்கும்போது அவராகவே, மழைக்காலம் வந்தால் பெட்டியெல்லாம் நமுத்துப்போகிறது, கீழ் அடுக்கு நசுங்குகிறது, பேப்பரை மாற்றியும் பயனில்லை என்றார். "கோடவுன்ல தரையில அடுக்கறாங்களா, பேலட் மேலயா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தரையிலிருந்து ஈரம் ஏறுவது, சுவரை ஒட்டி அடுக்கினால் காற்று போகாதது, கஞ்சிப் பசை ஈரத்தில் விட்டுக்கொடுப்பது எல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். என்னிடம் பெட்டி வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆர்டர் எனக்கு வரவும் இல்லை, அவர்களுக்கு ஒப்பந்தம் ஏற்கனவே வேறொருவரோடு இருந்தது. ஆனால் நாலு மாதம் கழித்து அவருடைய நண்பர் ஒருவர் கடலூர் சிப்காட்டிலிருந்து போன் பண்ணி, "மேடம், பெட்டி நமுக்கற பிரச்சனைய நீங்க பார்ப்பீங்கன்னு சொன்னாரு" என்றார். அந்தக் கம்பெனிக்கு இன்றும் நாங்கள்தான் சப்ளை, பணமும் நாற்பத்தைந்து நாளுக்குள் வந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆண்களோடு நாலு மணி நேரம் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வியும் இருக்கிறது, அதை நான் சின்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தியாகப் போனால் சொல்வார்கள். இரண்டு பேராகப் போனால் குறைவாகச் சொல்வார்கள். நாலு பேராகப் போனால் ஆண்கள் குழுவே நம்மைப் பார்த்து வணக்கம் சொல்லி, அடுத்த முறை சேர்ந்து ஆடலாமா என்று கேட்கும், எங்களுக்கு நடந்திருக்கிறது. அதனால்தான் நான் தனியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது என்னோடு இரண்டு பெண்கள் வருகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு ஆடிட்டர், முப்பத்திரண்டு வயது, ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. இன்னொருத்தி மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு, லாஸ்பேட்டை. ஆடிட்டர் பெண் போன மாதம் ஒரு முறை வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். வேறு ஒரு முறை வரவில்லை, காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கணவருக்கு என் கணவரைவிட்டே போன் பண்ணச் சொன்னேன். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது, இருபது நிமிடம் பேசினார்கள்.

வருகிற ஞாயிறு அவள் வருகிறாள். குழந்தையை அவர் பார்த்துக்கொள்கிறார், பால் காய்ச்சுவது உள்பட. இரண்டே காலுக்கு மஞ்சக்குப்பத்தில் கிளம்பினால் மூன்று மணிக்கு என் வீடு, லாஸ்பேட்டையில் மற்றவளை ஏற்றிக்கொண்டு ஆறேகாலுக்கு மைதானம். மூன்று பைகளும் டிக்கியில் சரியாக அடங்குகின்றன. நாலாவது பையைப் பின் சீட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தேன், ஒரு ஆள் உட்கார இன்னும் இடம் இருக்கிறது.